களம் மாறினால் கணக்கை மூடு!

பீட்டா சோதனையில் இருக்கும் ஆன்லைன் கேமின் மேப்பைப் பாதியில் மாற்றலாமா? மாற்றினால் அதுவரை ஆடி எடுத்த ரேங்க்குக்கும் கொட்டிய காசுக்கும் யார் பொறுப்பு?

2019 மே 4, சனிக்கிழமை. 'ஃபோர்ட்நைட்' தீவில் எரிமலை வெடித்தது. கேமில் கூட்டம் அலைமோதும் 'டில்டட் டவர்ஸ்' என்ற அடுக்குமாடிப் பகுதி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரைமட்டமானது. ஐந்தே நாளில், மே 9 அன்று ஒன்பதாவது சீசன் வந்தது. இடிந்த இடத்தில் 'நியோ டில்டட்' என்ற புது நகரம் எழுந்தது. ஆட்களைத் தூக்கிக்கொண்டு பறக்கும் காற்றுப் பாதைகள் மேப்பில் முளைத்தன.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது திருவிழா. ஆனால், அதே வாரங்களில் ஃபோர்ட்நைட் உலகக் கோப்பைக்கான ஆன்லைன் தகுதிச் சுற்றும் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 13-ல் தொடங்கி ஜூன் 16 வரை பத்து வாரம். இறுதிப் போட்டிகளின் மொத்தப் பரிசு 3 கோடி டாலர். தகுதிச் சுற்றில் கலந்துகொண்டவர்கள் 4 கோடிக்கும் மேல் என்று தயாரிப்பு நிறுவனமான எபிக் கேம்ஸ் அறிவித்தது. தனிநபர் பிரிவில் இறுதிப் போட்டிக்கான இடங்கள் 100 மட்டுமே.

இந்த கேமில் ரேங்க்குக்கு ஆடுபவர், எந்தக் கூரையில் இறங்குவது, எந்தப் பெட்டியை முதலில் திறப்பது, மரமும் கல்லும் இரும்பும் எங்கே வெட்டி எடுப்பது, புயல் வட்டம் சுருங்கும்போது எந்தச் சரிவு வழியாக ஓடுவது என்று ஒரு பாதையை மனப்பாடம் செய்து வைத்திருப்பார். நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் சேர்த்த முதலீடு அது. முதல் சில வாரங்களில் தேர்வானவர்கள் அந்த முதலீட்டை வைத்துச் சீட்டு வாங்கிவிட்டார்கள். தேர்வாகாதவர்களில் டில்டட் டவர்ஸை நம்பியவர்கள் மே 9-க்குப் பிறகு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரே போட்டி, ஒரே பரிசு, இரண்டு களம்.

அந்த ஆண்டு ஜூலை 28-ல் நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் டென்னிஸ் அரங்கத்தில், 'பூகா' என்ற பெயரில் ஆடும் 16 வயது கைல் கியர்ஸ்டோர்ஃப் தனிநபர் பட்டத்தை வென்று 30 லட்சம் டாலரை அள்ளிச் சென்றார். அவர் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வேறு. அன்றைக்கு அந்த கேமின் மேல் 'எர்லி ஆக்சஸ்' என்ற லேபிள் ஒட்டியிருந்தது. அதாவது, 'இன்னும் முடிக்கவில்லை, சோதனையில் இருக்கிறது' என்று அர்த்தம். அந்த லேபிளை எடுத்தது 2020 ஜூன் மாதக் கடைசியில்தான்.

சோதனைக் களம் என்றால் மாற்றுவார்கள், அது அவர்கள் உரிமை. பரிசுப் போட்டி என்றால் களம் நிலையாக இருக்க வேண்டும், அது ஆடுபவர் உரிமை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் எந்த உரிமை பெரியது?

லேபிளை நம்பாதே

'பீட்டா' என்ற முத்திரையை மென்பொருள் உலகம் எவ்வளவு தாராளமாகக் குத்தும் என்பது நமக்குத் தெரியும். 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில், 2009 ஜூலை வரை பீட்டாவாகவே இருந்தது. அதற்குள் அது கோடிக்கணக்கானவர்களின் அன்றாடத் தேவையாகிவிட்டது. கேம் உலகத்தில் இந்தத் தாராளம் இன்னும் அதிகம்.

வால்வ் நிறுவனத்தின் 'டோட்டா 2' அதிகாரபூர்வமாக வெளியானது 2013 ஜூலையில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2011 ஆகஸ்டில், ஜெர்மனியின் கொலோன் நகரில் அந்த கேமை வைத்து 16 லட்சம் டாலர் பரிசுப் போட்டி நடந்தது. வென்ற உக்ரைன் அணி நவி, 10 லட்சம் டாலர் பெற்றது. 'பப்ஜி'யும் 2017 ஆகஸ்டில் அதே நகரில் மூன்றரை லட்சம் டாலருக்குப் போட்டி நடத்தியது. அதன் 1.0 பதிப்பு வந்தது டிசம்பரில். ரஷ்ய நிறுவனமான பேட்டில்ஸ்டேட்டின் 'எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்' 2017 ஜூலையில் பீட்டாவுக்கு வந்து, 2025 நவம்பரில்தான் 1.0 ஆனது. காசு கொடுத்து வாங்கியவர்கள் எட்டு ஆண்டுகள் 'சோதனையாளர்'களாகவே ஆடினார்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. வெளியாகி ஏறக்குறைய பத்து ஆண்டுகளான டோட்டா 2-வின் மேப்பை 2023 ஏப்ரல் 20-ல் வால்வ் 40 சதவீதம் பெரிதாக்கியது. ரோஷன் என்ற பெரிய அரக்கனுக்கு ஒரு குகைக்குப் பதில் இரண்டு குகைகள். பெர்லின் மேஜர் போட்டி ஏப்ரல் 26-ல் தொடங்கியது. உலகத்தின் தலைசிறந்த அணிகளுக்குப் புதுக் களத்தைப் படிக்கக் கிடைத்த அவகாசம் ஆறு நாள்.

ஆக, பீட்டாவில் இருக்கும் கேம் கோடிக்கணக்கில் பரிசு கொடுக்கிறது. முடிந்த கேம் போட்டிக்கு ஆறு நாள் முன்பு களத்தைப் புரட்டிப் போடுகிறது. 'பீட்டா என்றால் எதையும் மாற்றலாம்' என்ற வாதமும், 'வெளியாகிவிட்டால் எதையும் தொடக் கூடாது' என்ற வாதமும் இங்கே ஒருசேர அடிபடுகின்றன. லேபிளைப் பார்த்து நியாயத்தை முடிவு செய்ய முடியாது.

ஒரு கதவிடுக்கு

மேப்பை மாற்றுவது என்றால் மலையை நகர்த்துவது மட்டுமல்ல. சில சமயம் ஒரு விரற்கடை போதும்.

'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆடாதவர்கள்கூட 'டஸ்ட் 2' என்ற மேப்பைக் கேள்விப்பட்டிருப்பார்கள். டேவ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 2001-ல் வெளியானது. மணல் நிறச் சுவர்கள், நடுவில் ஒரு சரிவு, சரிவின் அடியில் இரட்டை மரக்கதவு. அந்தக் கதவுகளுக்கு இடையே ஒரு சின்ன இடுக்கு. சுற்று தொடங்கியதும், தீவிரவாதி அணி மேட்டில் பிறக்கும். அங்கிருந்து ஓர் அடிகூட நகராமல் ஸ்நைப்பர் துப்பாக்கியைக் கதவிடுக்கை நோக்கிப் பிடித்தால் போதும். மறுபக்கம் காவல் அணி தன் 'பி' தளத்துக்கு ஓடும்போது அந்த இடுக்கைத் தாண்டியே ஆக வேண்டும். டப் என்று ஒரு சத்தம். ஆட்டம் தொடங்கிச் சில விநாடிகளில் ஐந்து பேர் நான்கு பேராகிவிடுவார்கள்.

இது திறமையா, அதிர்ஷ்டமா? சுடுபவருக்குத் திறமை. செத்தவருக்கு அதிர்ஷ்டம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சண்டை ஓயவில்லை. 2022 ஆகஸ்டில், தீவிரவாதி அணி பிறக்கும் இடத்திலிருந்து நடுக்கதவு தெரியாதபடி வால்வ் மறைத்துவிட்டது. துப்பாக்கியின் வேகம் மாறவில்லை, விதிமுறை மாறவில்லை, மறைந்தது ஒரே ஒரு பார்வைக் கோடு. ஆனால், அந்த ஒரு கோட்டை நம்பி ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கம் வளர்த்தவர்களுக்கு அது ஒரு விதியை நீக்கியதற்குச் சமம்.

மேப் வெறும் பின்னணிப் படம் அல்ல. எங்கிருந்து எது தெரியும், எங்கே போக எத்தனை விநாடி ஆகும், எந்த மூலையில் ஒளியலாம் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டங்கள். மேப்பைத் திருத்துகிறவர் சட்டத்தைத் திருத்துகிறார்.

கோணலைச் சரிசெய்யத்தானே சோதனை?

'ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்' என்று எதிர்த்தரப்பு கேலி செய்யும். தோற்றவர்கள் களத்தின் மீது பழி போடுவது எல்லா விளையாட்டிலும் உண்டுதான். ஆனால், ஆன்லைன் கேமில் தெரு நிஜமாகவே கோணலாக இருக்கும். அதை அளந்து சொல்லவும் முடியும்.

தென்கொரியாவின் 'ஸ்டார்கிராஃப்ட்' இதற்கு நல்ல பாடம். 1998-ல் வந்த அந்த கேமில் டெர்ரன், ஸெர்க், புரோட்டாஸ் என மூன்று இனங்கள். அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் பிளிஸார்ட் நிறுவனம் கடைசியாகத் திருத்தியது 2001-ல், 1.08 என்ற பேட்ச்சில். அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்த லீக் போட்டிகளில் மூன்று இனங்களுக்கும் இடையே சமநிலையைக் காத்தது யார்? மேப் வரைந்தவர்கள்தான். ஏற்றப் பாதையின் அகலத்தைக் குறைத்தால், கூட்டமாக வந்து சூழ்ந்து கடிக்கும் ஸெர்க் படைக்கு நெருக்கடி. இரண்டு முகாம்களுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டினால், அவசரத் தாக்குதலின் வீரியம் குறையும். எந்த மேப்பில் எந்த இனம் எத்தனை முறை வென்றது என்று கணக்கு வைத்தார்கள். ஒருதலையாகப் போன மேப்பை ஒதுக்கினார்கள், அல்லது திருத்தினார்கள். திருத்தியதை மறைக்கவும் இல்லை. 'ஃபைட்டிங் ஸ்பிரிட் 1.3' என்பதைப்போல, மேப்பின் பெயரோடு பதிப்பு எண்ணும் சேர்ந்தே வரும்.

ஆகவே, மேப்பை மாற்றுவதே அநியாயம் என்பது சிறுபிள்ளைத்தனம். நூறு ஊழியர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஓராண்டு ஆடிப் பார்த்தாலும் கண்ணில் படாத ஓட்டை, லட்சம் பேர் ஆடும் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும். சுவரேறிக் குதித்து மேப்புக்கு வெளியே நின்று சுடுபவர், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் பதுங்குபவர் எல்லோரும் அதன் பிறகே மாட்டுவார்கள். எந்த மூலையில் யார் அதிகம் சாகிறார்கள், தாக்கும் அணியா காக்கும் அணியா எது அதிகம் வெல்கிறது என்ற விவரம் சர்வரில் குவியும். அதைப் பார்த்த பிறகும் களத்தைத் திருத்தாமல் விட்டால், அந்தச் சோதனை எதற்கு? தெரிந்த கோணலைத் தெரிந்தே விட்டுவைப்பது, ஓட்டையைக் கண்டுபிடித்தவனுக்குப் பரிசு கொடுப்பதாகத்தான் முடியும்.

முதலில் பார்த்தவர் யார்?

மாற்றத்தைவிடப் பெரிய அநியாயம், அந்த மாற்றம் ஆளுக்கு ஒரு நேரத்தில் வந்து சேர்வது.

ரயட் நிறுவனத்தின் 'வாலரன்ட்' 2020 ஏப்ரல் 7-ல் பீட்டாவுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் முதல் வாய்ப்பு. மே மாதம் கொரியாவும் லத்தீன் அமெரிக்காவும் சேர்ந்தன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. உள்ளே நுழையும் அனுமதிக்காக 'ட்விட்ச்' என்ற நேரலைத் தளத்தில் மணிக்கணக்கில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இருந்த கேமர்களுக்கு 'பைண்ட்', 'ஹேவன்', 'ஸ்ப்ளிட்' மேப்களின் சந்துபொந்துகள் அறிமுகமானது அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான். ஜூன் 2-ல் கேம் எல்லோருக்கும் திறந்தபோது, ஐரோப்பியர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதப் பயிற்சி கையில் இருந்தது.

அதற்கு ஈடாக ரயட் இரண்டு காரியங்களை ஒழுங்காகச் செய்தது. பீட்டாவில் எடுத்த ரேங்க் முழுவதையும் அழித்து, எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தியது. பீட்டாவில் காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளை 20 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. பழகிய கைக்கு இருக்கும் அனுகூலத்தை அழிக்க முடியாது. ஆனால், கணக்கை அழிக்கலாம், காசைத் திருப்பலாம். டார்கோவ் ஆட்டக்காரர்கள் எட்டு ஆண்டுகள் பொறுமை காத்ததன் ரகசியமும் இங்கே இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லோருடைய சேமிப்பையும் துடைத்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவைப்பார்கள். திட்டிக்கொண்டே ஆடினாலும் அந்த நாளுக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். ஏனென்றால், அன்றைக்குப் பழையவரும் புதியவரும் வெறுங்கையோடு ஒன்றாக நிற்பார்கள்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்?

2018 ஏப்ரலில் பப்ஜி ஒரு புது மேப்பைச் சோதித்தது. அப்போது அதன் சங்கேதப் பெயர் 'சாவேஜ்'. வழக்கமான சர்வரில் விடாமல், தனியாக ஒரு சோதனை சர்வர் திறந்தார்கள். சில நாள் திறப்பது, கருத்துக் கேட்பது, மூடுவது, திருத்துவது, மறுபடி திறப்பது என்று வேலை நடந்தது. 8 கி.மீ. நீள அகலமுள்ள 'எராங்கல்' ஆடிப் பழகியவர்களை 4 கி.மீ. களத்துக்குள் இறக்கினால் என்ன ஆகும்? பரப்பளவு கால் பங்கு, ஆட்களோ அதே நூறு பேர். எராங்கலில் பத்து நிமிடம் ஆளையே பார்க்காமல் பை நிரப்பலாம். இங்கே இறங்கிய உடனேயே சண்டை. அந்த வேகத்துக்கு ஏற்பக் களத்தைச் செதுக்கி, ஜூன் 22-ல் 'சான்ஹாக்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். பிறகு மொபைலுக்கும் வந்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான அதே சான்ஹாக்தான். சோதனை நாட்களில் எத்தனை முறை மாற்றினாலும் வழக்கமான சர்வரில் ஆடிக்கொண்டிருந்த யாருடைய ரேங்க்கும் அதனால் பாதிக்கப்படவில்லை.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இன்னும் தெளிவான உதாரணம். 2023 மார்ச் 22-ல் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் சோதனை தொடங்கியது. முதலில் கொடுத்தது டஸ்ட் 2 மட்டும். பழகிய களத்தில் புது எஞ்சின் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பது நோக்கம். மே மாதம் பாரிஸில் மேஜர் போட்டி வந்தது. வால்வ் நினைத்திருந்தால் புது கேமுக்கு விளம்பரமாக அதையே மேடையேற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பாரிஸ் மேஜர் பழைய கேமிலேயே நடந்தது. பிரான்ஸின் விட்டாலிட்டி அணி சொந்த மண்ணில் கோப்பையை வென்றது. புது கேம் செப்டம்பர் 27-ல் வெளியானது. அதில் முதல் மேஜர் நடந்தது 2024 மார்ச்சில், கோபன்ஹேகனில். டோட்டாவில் ஆறு நாள் கொடுத்த அதே நிறுவனம், இங்கே ஆறு மாதம் கொடுத்தது. மனம் இருந்தால் முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தனி சர்வருக்கும் நீண்ட அவகாசத்துக்கும் இடம் இல்லாதபோது மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2024-ல் வாலரன்ட்டில் 'அபிஸ்' என்ற மேப் ரேங்க் ஆட்டத்துக்கு வந்தபோது, தொடக்க வாரங்களில் அதில் தோற்றால் கழிக்கும் புள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். வென்றால் முழுப் புள்ளி. 'நீங்கள் எங்களுக்காகப் புதுக் களத்தைச் சோதித்துக் கொடுக்கிறீர்கள். அதன் நட்டத்தில் பாதி எங்களுடையது' என்று சொல்லாமல் சொன்ன ஏற்பாடு அது.

கிரிக்கெட்டில் எழுதி வைத்த நியாயம்

நமக்கு நன்றாகப் பழகிய ஒரு விளையாட்டு இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. சேப்பாக்கத்தில் சுழலுக்கு உதவும் பிட்ச் போடுகிறார்கள் என்று வெளிநாட்டு அணிகள் புலம்பாத சுற்றுப்பயணம் உண்டா? ஆனாலும் ஆட்டத்தை யாரும் செல்லாது என்பதில்லை. காரணம், கிரிக்கெட் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆட்டத்துக்கு முன் பிட்ச்சைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்வது மைதான நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்டம் நடக்கும்போது அதன் பயன்பாடும் பராமரிப்பும் நடுவர்களின் கட்டுப்பாட்டில். முதல் நாள் சுழலும் பிட்ச் போடலாம். எதிரணி ரன் குவிக்கிறது என்பதற்காக மூன்றாம் நாள் மாற்றிப் போட முடியாது.

ஆன்லைன் கேமில் மைதான நிர்வாகமும் நடுவரும் போட்டி நடத்துபவரும் டிக்கெட் விற்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கிறார்கள். எங்கே கோடு போடுவது என்று கேட்க யாரும் இல்லாததால் வரும் வினை இது. கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் குழப்பம் தேவையில்லை. கணக்கு வைக்கத் தொடங்கிய நொடியிலிருந்து களம் ஆடுபவர்களுக்குச் சொந்தம். ரேங்க், பரிசு, தகுதிச் சுற்று என எந்தப் பெயரில் கணக்கு ஓடினாலும் சரி, அது ஓடும்வரை களம் அப்படியே இருக்க வேண்டும். களத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் கணக்கை மூட வேண்டும். சீசனை முடி, ரேங்க்கைத் துடை, காசுக்குப் பதில் சொல், பிறகு மாற்று. கேமையே உடைக்கும் ஓட்டை ஒன்று நடுவில் தென்பட்டால் அடைக்கலாம். ஆனால், என்ன அடைத்தோம், ஏன் அடைத்தோம் என்பதை அன்றைக்கே எல்லோருக்கும் எழுதி வெளியிட வேண்டும்.

இந்த அளவுகோலில் வைத்தால் தீர்ப்பு சுலபம். சான்ஹாக் சோதனை நியாயம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 சோதனை நியாயம். வாலரன்ட் பீட்டா, இந்தியாவை வெளியே நிறுத்திய குறை இருந்தாலும், கணக்கை மூடிய விதத்தில் நியாயம். பெர்லினுக்கு ஆறு நாள் முன்பு டோட்டா களத்தை 40 சதவீதம் பெருக்கியது முறையல்ல. பத்து வாரத் தகுதிச் சுற்றின் நடுவே ஃபோர்ட்நைட் தீவை மாற்றியது அநியாயம். 'எர்லி ஆக்சஸ்' என்ற லேபிள் அதற்குச் சமாதானம் ஆகாது.

வீட்டில் பீட்டா கேம் ஆடும் பிள்ளைகளுக்கும், அதற்குக் காசு கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன்பு மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள். கேம் வெளியாகும்போது ரேங்க் அழியுமா, வாங்கிய பொருள் கூடவே வருமா, புது மேப்களைத் தனி சர்வரில் சோதிக்கிறார்களா? மூன்றுக்கும் விடை அவர்களுடைய அறிவிப்பில் இல்லையென்றால், பொழுதுபோக்காக ஆடுங்கள். காசு மட்டும் கட்டாதீர்கள்.